கோழிக்கழிவு ஆலை: மறுநாள் போய் மோந்து பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோழிக்கடைக் கழிவை வேகவைத்து உலர்த்தும் ஆலை நாறுகிறது என்று புகார் போனால், சுகாதார ஆய்வாளர் மறுநாள் பகல் பதினோரு மணிக்கு வருகிறார். கழிவை வேகவைக்கும் குக்கர் கழுவிக் காய்ந்திருக்கும். வாடை அடித்ததோ முந்தின இரவு. ‘ஆய்வின்போது துர்நாற்றம் இல்லை’ என்று அவர் எழுதுவது பொய்யும் அல்ல. 1939-ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டம் முதலே இவ்வகைத் தொழில்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உள்ளாட்சிகளுக்கு இருக்கிறது. உரிமத்தில் ‘நாற்றம் வரக்கூடாது’ என்று ஒரு வரி எழுதுவதை விட்டுவிட்டு, அளந்து பார்க்கக்கூடிய நிபந்தனைகளைப் போட வேண்டும்.

முதலில் நேரம். இரண்டு கிலோ கோழியை அறுத்தால் இறகு, குடல், ரத்தம், தலை என்று ஏறக்குறைய அறுநூறு, எழுநூறு கிராம் கழிவு. காலை ஆறு மணிக்கு அறுத்த கோழியின் குடல் மூடிய டிரம்மில் மாலை வரை வெயிலில் கிடந்தால், மூடியைத் திறக்கும்போதே அழுகிய முட்டை வாடை வரும். அந்தச் சரக்கை எவ்வளவு நல்ல ஆலையில் வேகவைத்தாலும் ஊர் நாறும். எனவே டிரம் கடையை விட்ட நேரமும் ஆலைக்கு வந்த நேரமும் பதிவாக வேண்டும். உடனே வேகவைக்க முடியாததை 4 டிகிரி குளிர் அறையில் வைக்க வேண்டும். ஆலையின் கொள்ளளவையும் ஞாயிற்றுக்கிழமை வரத்தை வைத்தே கணக்கிட வேண்டும். சராசரி நாளை வைத்துக் கட்டிய ஆலையில் ஞாயிற்றுச் சரக்கு திங்கள்கிழமை வரை தேங்கும்.

அடுத்து நீராவி. கழிவில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். ஒரு டன்னை வேகவைத்து உலர்த்தினால் அறுநூறு கிலோவுக்குக் குறையாமல் ஆவி கிளம்பும். கண்டென்சர் அதைக் குளிர்வித்துத் தண்ணீராக்கி, மிஞ்சும் வாயுவை பயோஃபில்டர் என்னும் நுண்ணுயிர்ப் படுகைக்கு அனுப்ப வேண்டும். மே மாதத்தில் குளிர்விக்கும் தண்ணீரே சூடாகிவிடுவதால் கண்டென்சர் திணறும். வாயு 40 டிகிரிக்கு மேல் போனால் பயோஃபில்டரில் நாற்றத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் சாகும். சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று குக்கரின் அழுத்தத்தை ஒரேயடியாகத் திறந்துவிடுவதும் உண்டு. எந்தக் கண்டென்சரும் அதைத் தாங்காது. கண்டென்சரிலிருந்து வாயு வெளியேறும் இடத்தில் வெப்பநிலையைத் தானே பதியும் கருவி ஒன்று இருந்தால், இரவு நடந்தது காலையில் தெரிந்துவிடும்.

பயோஃபில்டரைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. தேங்காய் நாரும் மரச்சில்லும் கலந்த அந்தப் படுகையில் ஓரடி தோண்டி ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், சொட்டக்கூடாது. உலர்ந்து வெடித்திருந்தால் வாயு வெடிப்பு வழியே அப்படியே வெளியேறும். சரக்கு இறக்கும் அறையின் கதவிடுக்கில் ஊதுபத்தியைக் காட்டினால் புகை உள்ளே போக வேண்டும். வெளியே வந்தால் உறிஞ்சும் விசிறி ஓடவில்லை, அல்லது பின்கதவு திறந்திருக்கிறது. மின்வெட்டில் முதலில் நிற்பது இந்த விசிறிதான். ஜெனரேட்டர் இணைப்பு பெரும்பாலும் குக்கருக்குத்தான் போயிருக்கும்.

ஆய்வுக்கு உகந்த வேளை ஞாயிறு இரவு. புரட்டாசியில் போனால் எந்த ஆலையும் மணக்கத்தான் செய்யும்.

– வாசகர், சென்னை