உன் மகள் கேட்ட கேள்வி

மயிலாடுதுறை,
கார்த்திகை 6

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஐப்பசி கடைசி நாள் காவிரிக் குளியலான கடைமுகத்துக்கு வந்த உறவுக்காரர்கள் மறுநாள் முடவன் முழுக்கும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்தில் கூட்டம் குறைந்து, வீட்டிலும் சத்தம் அடங்கிய பிறகு இன்றுதான் உட்கார முடிந்தது. உன் முட்டி இப்போது எப்படி இருக்கிறது? மாடி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாமல் இரு. இங்கே எல்லோரும் நலம்.

உன் மகளுக்குப் பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு ஆணை வந்ததைப் படித்ததும் என் மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். உடனே போன் செய்திருக்கலாம். ஆனால் "பிள்ளைகள் மனசுல நிக்கிற டீச்சரா இருக்கணும்னா என்ன செய்யணும்னு மாமாகிட்ட கேளுங்கப்பா" என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. முப்பத்தோரு வருடம் தமிழ் நடத்தியும் இதை யோசிக்கப் பத்து நாள் வேண்டியிருந்தது.

முதலில் நம்ம கணக்கு சார்தான் நினைவுக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்பில் நீ எழுந்து கேட்டாயே, "மைனஸை மைனஸால பெருக்கினா எப்படி சார் ப்ளஸ் வரும்?" என்று. வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "நானும் இதை மனப்பாடமாத்தான் வெச்சிருக்கேன். நாளைக்குச் சொல்றேன்" என்றார். மறுநாள் வந்து, "இன்னும் பிடிபடல" என்றார். மூன்றாம் நாள் அட்டெண்டன்ஸ்கூட எடுக்காமல் நேராகப் போர்டுக்குப் போனார். 3 × (−2) = −6. அதற்குக் கீழே 2 × (−2) = −4. அப்புறம் 1 × (−2) = −2. அப்புறம் 0 × (−2) = 0. "விடை எப்படிப் போகுது பாருங்க" என்றார். இரண்டிரண்டாக ஏறுகிறது என்றோம். "அப்போ அடுத்த வரி?" என்று (−1) × (−2) எழுதிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றார். இரண்டு என்று நாற்பது பேரும் கத்தினோம். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷம் நம்மில் யாருக்கும் இருந்திருக்காது. அதற்குப் பிறகு அவர் வகுப்பில் கேள்வி கேட்க யாருமே தயங்கியதில்லை.

அவர் அந்த மூன்று நாளும் அதைத் தேடிக்கொண்டிருந்தார், நாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுதான் விஷயம் என்று இப்போது தோன்றுகிறது. அன்பாக இருக்க வேண்டும், பொறுமை வேண்டும், எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குப் பயிற்சிக் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள், எல்லாம் சரிதான். ஆனால் வாத்தியார் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? 1871இல் பதினாறு வயதுப் பையனாக உ.வே.சா. இங்கே மாயூரத்துக்கு வந்துதான் அவரிடம் சேர்ந்தார். பையனின் பெயர் வேங்கடராமன். வேறு பெயர் உண்டா என்று கேட்டு, வீட்டில் கூப்பிடும் சாமிநாதன் என்ற பெயரையே பிள்ளையவர்கள் வைத்துக்கொண்டார். நாம் சொல்லும் பெயரே அந்த ஆசிரியர் கூப்பிட்ட பெயர்தான்.

அவரைப் பற்றி எத்தனையோ சொல்லலாம். சம்பளம் வாங்காமல் பாடம் சொன்னார், கடன் இருந்தபோதும் மாணவர்களை வீட்டில் வைத்துச் சோறு போட்டார், கிறிஸ்தவரான சவராயலு நாயக்கரும் அவருக்கு நெருக்கமான மாணவர். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அவர் இளைஞராகத் திருச்சியில் இருந்தபோது நடந்தது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் அப்போது படிக்கக் கிடைப்பதே கஷ்டம். பிச்சை எடுத்துச் சாப்பிடும் ஒரு பரதேசிக்கு அது தெரியும் என்று கேள்விப்பட்டார். அந்த மனிதர் லேசில் யாருக்கும் சொல்லிக் கொடுக்கிறவர் அல்ல. பிள்ளையவர்கள் அவர் பிச்சைக்குப் போகும் தெருவெல்லாம் கூடவே போய், வேண்டிய பணிவிடை எல்லாம் செய்து, அவர் மனம் இரங்கிய பிறகு பாடம் கேட்டார். பின்னாளில் தமிழ்நாடே மகாவித்துவான் என்று கும்பிட்ட மனிதர், சேகர். வெயிலில் அந்தப் பரதேசியின் பின்னால் நடந்து போவதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். உ.வே.சா. கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தது பிள்ளையவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதில் மனம் போனால் இலக்கியத்தில் ஊன்றாது என்று நினைத்தார், பையனும் விட்டுவிட்டான். பாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1876இல் பிள்ளையவர்கள் போய்விட்டார். நாலு வருடம் கழித்து உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னவெல்லாம் படித்திருக்கிறீர் என்று கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார். சிந்தாமணி படித்ததுண்டா என்றார் முதலியார். இல்லை. பெரிய மேதையின் மாணவர், கல்லூரி உத்தியோகத்தில் இருப்பவர், ரோஷம் வந்து எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அவரிடம் இருந்த பிரதியை வாங்கிப் படித்தார். அதில் வரும் சமணச் செய்திகள் புரியாதபோது கும்பகோணத்திலேயே சமணர்கள் வீடு தேடிப்போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். அவர் சைவம் தழைத்த இடத்தில் படித்த பிராமணர், காலமோ 1880கள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது.

சிந்தாமணியைப் பிள்ளையவர்கள் அவருக்குப் பாடம் சொன்னதே இல்லை. ஆனால் தெரிந்தவர் யாராக இருந்தாலும் தேடிப்போய்க் கேட்கும் அந்தக் குணம் எங்கிருந்து வந்திருக்கும்? பரதேசி பின்னால் போன கால்கள்தான் சமணர் வீட்டுத் திண்ணைக்கும் போயின என்று நான் நம்புகிறேன்.

இதையெல்லாம் எழுதுகிறேனே, என் வகுப்பில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம். ஐந்திணை நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சுப் பெண் எழுந்து, "நம்ம ஊர்ல பாலைவனமே இல்லையே சார், பாலைத்திணை எப்படி வந்துச்சு?" என்றாள். எவ்வளவு நல்ல கேள்வி! முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு போனால் அதுதான் பாலை என்று சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. எனக்குத் தெரியும். மாசிக்குள் போர்ஷனை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், "பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் கேள்" என்று உட்கார வைத்துவிட்டேன். அந்த வருடம் முழுவதும் அவள் வேறு கேள்வியே கேட்கவில்லை. நல்ல மார்க் வாங்கினாள், வணக்கம் வைத்துவிட்டுப் போனாள். அவளிடம் அந்த இரண்டு வரியைச் சொல்லாமல் விட்டது இன்றும் எனக்கு ஆறவில்லை. அதற்குப் பிறகு நான் மாறினேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், தெரிந்ததற்கு நேரம் கொடுக்கவும் பழகினேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது கிடைக்கவில்லையே.

உன் மகளிடம் இந்தக் கதையையும் சேர்த்தே சொல். சிலபஸ் முடியாது என்று பயப்படுவாள், தலைமையாசிரியர் கேட்பார், அதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் ஒரு பிள்ளை எழுந்து நின்றால் அந்த அஞ்சு நிமிஷத்தைக் கொடுத்துவிடச் சொல். பதில் தெரியாவிட்டால் மறுநாள் வந்து சொல்லட்டும். சொன்னபடி வந்து சொல்ல வேண்டும், அது முக்கியம்.

அப்புறம், உன் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு இன்னும் பரணில் இருப்பதாக ஒரு தடவை சொன்னாய். அந்த மைனஸ் கணக்கு எழுதிய பக்கம் இருக்கிறதா என்று தேடிப் பார். நீயே பரணில் ஏறாதே, அவளை ஏறச் சொல்.

வலி குறைந்ததும் இரண்டு நாள் இங்கே வந்து இரு. திருவாவடுதுறைக்கு ஒரு நடை போய்வரலாம். பிள்ளையவர்கள் கடைசியாகச் சவராயலு நாயக்கர் மேல் சாய்ந்தபடி, சாமிநாதன் திருவாசகத்தில் அடைக்கலப்பத்து வாசிக்கக் கேட்டுக்கொண்டே கண்மூடியது அந்த ஊரில்தான். உன்னோடு ஒரு தடவை அந்தத் தெருவில் நடக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

உன்,
கண்ணன்