படப்பிடிப்புக்கு முன் ஒரு நாள் கொடுங்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கத்துக்கும் திரைப்படத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெப்சியின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். உதவி இயக்குநராகச் சேர்ந்து இப்போது இணை இயக்குநராக இருக்கிறேன். ஒரே ஒரு கோரிக்கை. பூஜைக்கு நாள் பார்க்கும் அதே அக்கறையோடு, படப்பிடிப்பு தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஸ்கிரிப்ட், சீன் ஆர்டர், ஷெட்யூல், அனுமதிக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து, எல்லாத் துறையினரும் சேர்ந்து படிப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

நான் வேலை செய்த ஒரு படத்தில் எட்டு வயதுப் பையனுக்கு ஐந்து காட்சிகள். ஐந்தும் இரவு, ஒரே வீடு. சீன் ஆர்டர் போட்டவர் லொக்கேஷன் வாரியாகச் சேர்த்தார், அதுதான் முறை. மேனேஜர் வாடகை மிச்சமாகட்டும் என்று ஐந்தையும் ஒரே இரவில் அடைத்தார். பையன் நடிப்பதற்கான மாவட்ட ஆட்சியரின் அனுமதிக் கடிதம் ஆபீஸ் ஃபைலில் பத்திரமாக இருந்தது. குழந்தையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது 2017 முதல் விதி. தனித்தனியாகப் பார்த்தால் எந்தத் தாளிலும் தப்பில்லை. யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒன்பதாவது மணி நேரத்தில் அந்தப் பையன் காஸ்ட்யூமோடு என் மடியில் தூங்கிவிட்டான். அவனை எழுப்பி கேமரா முன் நிறுத்தியது நான்தான். இன்றும் உறுத்துகிறது.

உயிர் போன சம்பவங்களும் நம் கண்முன் இருக்கின்றன. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே நசரத்பேட்டையில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் உதவி இயக்குநர். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் சாகசக் காட்சியின்போது ஒரு ஸ்டன்ட் கலைஞரை இழந்தோம். அவற்றின் காரணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் கிரேன் நிற்கும் தரை எப்படிப்பட்டது, அதன் கீழே யார் உட்காரப் போகிறார்கள், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? நான் கையில் வாங்கிய எந்த ஷெட்யூலிலும் இதற்கு ஒரு வரிகூட இருந்ததில்லை. ஹீரோவின் கால்ஷீட் இருக்கும், ஜெனரேட்டர் எத்தனை என்று இருக்கும்.

ஒரு மாடு நடித்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்குகிறோம், இல்லாவிட்டால் சென்சாரில் படம் நின்றுவிடும் என்று தெரியும். மனிதர்களுக்கும் அப்படி ஒரு கட்டாயம் வேண்டும். படித்ததற்கு ஒவ்வொரு துறையும் கையெழுத்துப் போடட்டும். கையெழுத்து இல்லாத படத்துக்குச் சங்கங்கள் ஆள் அனுப்ப வேண்டாம்.

ஸ்பாட்டில் எல்லாம் மாறுமே என்பீர்கள். மாறும். மாறிய பக்கத்தை மட்டும் காலையில் பத்து நிமிடம் மறுபடி படித்தால் போதும்.

அப்புறம், அந்த மேசையில் ஒரு லைட்மேனுக்கும் நாற்காலி போடுங்கள். மழை பெய்து நனைந்த தரையில் கேபிளை எந்தப் பக்கமாக இழுக்கலாம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஓர் இணை இயக்குநர்