மாஸ்டரின் படத்துக்கு மாலை, கோச்சுக்கு வாட்ஸ்அப்: கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாகக் குழு அங்கத்தவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

பொங்கல் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில் நாம் எப்படித் தோற்றோம், அன்று இரவு கழக அறையில் என்ன பேசப்பட்டது, யார் மேசையில் அடித்தார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், கழக அறைச் சுவர் பழைய லயத்துச் சுவர்தானே, தொழிலாளர் வரிசை வீட்டுச் சுவரில் பேச்சு நிற்குமா? அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்க மாட்டேன். நான் எழுதுவது அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பற்றி.

அன்று காலை பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் கழக வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி விழுந்தது. கோச்சின் சேவைக்கு நன்றி, புதிய கோச் விரைவில் அறிவிக்கப்படுவார் என்று இரண்டே வரி, கீழே இரண்டு கும்பிடு. அடுத்த நிமிடம் அவரைக் குழுவிலிருந்து நீக்கியும் விட்டீர்கள். அந்த நேரம் அவர் மேல்மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். அங்கே சிக்னல் கிடையாது என்பது உங்களில் யாருக்குத் தெரியாது? வேலை முடிந்து கத்தியோடு இறங்கி வரும்போது, மைதானத்து வளைவில் நின்ற பொடியன்கள் சொல்லித்தான் அவருக்கு விசயம் தெரிந்தது. பன்னிரண்டு வயசுப் பொடியன் ஒருவன், "சேர், உங்கள நிப்பாட்டிட்டாங்களாம்" என்றிருக்கிறான். அவர் "சரிடா, நீங்க ஓடுங்க, வெளிச்சம் போயிரும்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கும் ஆறு மணி வரைக்கும் நின்று பழக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மூன்று வருடத்தில் இவர் நாலாவது ஆள்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். மூன்று வருடம் கொடுங்கள். அதை எழுத்தில் கொடுங்கள்.

கூட்டத்தில் சொல்லப்பட்ட காரணம் என் காதுக்கும் வந்தது. "மாஸ்டர் காலத்துல இப்படியா இருந்துச்சு?" ஒவ்வொரு கோச்சையும் நாம் அனுப்பியது இந்த ஒரு கேள்வியால்தான். ஆகவே மாஸ்டர் காலத்தில் எப்படி இருந்தது என்று, அவருக்குக் கீழே இடது பக்க பெக் ஆடியவன் என்ற உரிமையில் கொஞ்சம் ஞாபகப்படுத்த அனுமதியுங்கள்.

மாஸ்டர் நம் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து கழகத்தைப் பொறுப்பெடுத்தது 1981இல். முதல் மெச்சில் ஏழு கோல் வாங்கினோம். கழக அறையில் தொங்கும் அந்தப் படத்தில் அவர் கையில் பிடித்திருக்கும் ஷீல்ட், நம் முதல் ஷீல்ட், வந்தது 1990இல். நடுவில் ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்துக்குப் படம் கிடையாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாம் மாலை போடுவது 1990க்கு மட்டும்தான்.

1984இல் அவரை மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதப்பட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அந்த மனுவில் என் அப்பாவின் கைநாட்டும் இருந்தது. மகனை ரிசேர்வில் உட்கார வைத்த கோபம். அப்போதைய தலைவர் அதை வாங்கி, மடித்து, தேத்தண்ணி கொதித்த அடுப்பில் போட்டுவிட்டு, "கன்னு நட்டா கொழுந்துக்கு எத்தன வருசம் காத்திருப்பீங்க?" என்று கேட்டாராம். மூன்று வருடமாவது ஆகும் என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கவ்வாத்து வெட்டிய மலையில் அடுத்த வாரமே கொழுந்து எங்கே என்று எந்தத் துரையும் கேட்டதில்லை, அவர்கள் கேட்காத கேள்வியே இல்லை என்றாலும். நாம் கேட்கிறோம்.

தலைவர் அண்ணன், நீங்களும் நானும் மன்செஸ்டர் யுனைட்டெட் ரசிகர்கள். சனிக்கிழமை இரவு உங்கள் வீட்டு டிஷ்ஷில்தான் முக்கால்வாசி மெச் பார்த்திருக்கிறேன். அதன் பழைய மனேஜர் பெர்குசன் பெயரைச் சொன்னால் உங்கள் கண் கலங்கும். அவருக்குப் பின் டேவிட் மோயஸை ஆறு வருட ஒப்பந்தம் எழுதிக் கூட்டி வந்துவிட்டுப் பத்து மாதத்தில் அனுப்பியபோது, "இவனுங்களுக்குப் பொறுமையே இல்ல" என்று திட்டியது யார்? அதற்குப் பிறகு வான் ஹால், மொரீனியோ, சோல்ஷயர், டென் ஹாக் என்று ஒவ்வொருவர் போகும்போதும் அதே வசனம். அந்த வசனத்தை மன்செஸ்டருக்கு மட்டும் என்று வைத்திருக்கிறீர்களா? நம் தோட்டத்துக்கு அது செல்லாதா?

பெர்குசன் 1986 நவம்பரில் வந்தார். 1989 டிசம்பரில் சொந்த மைதானத்திலேயே கிறிஸ்டல் பலஸிடம் தோற்ற அன்று, மூன்று வருடமாகச் சாக்குப்போக்குதான், போய் வா என்று ரசிகர்களே பெனர் தூக்கினார்கள். நம் ஆட்களாக இருந்தால் அன்று இரவே வாட்ஸ்அப்பில் இரண்டு கும்பிடு போட்டிருப்போம். அவர்கள் பொறுத்தார்கள். 1990 ஜனவரியில் எப்.ஏ. கிண்ணப் போட்டியில் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டுக்கு எதிராக மார்க் ரொபின்ஸ் தலையால் தட்டிய ஒரு கோல், மே மாதம் அந்தக் கிண்ணமே கையில். இறுதிப் போட்டியில் முதல் தடவை மூன்றுக்கு மூன்று சமம், திரும்ப ஆடியதில் ஒரு கோலில் வெற்றி, அதுவும் அதே கிறிஸ்டல் பலஸுக்கு எதிராக. லீக் வந்தது 1993இல்தான், வந்து ஏழாவது சீசனில். பிறகு 2013 வரை பதின்மூன்று லீக். நாம் பதின்மூன்றை மட்டும் வாய்ப்பாடு மாதிரிச் சொல்கிறோம்.

செயலாளர் தம்பி லிவர்பூல் ரசிகர். உங்கள் ஃபோன் முகப்பில் அதன் பழைய மனேஜர் பில் ஷாங்க்லி இருக்கிறார். 1959 டிசம்பரில் அவர் வந்தபோது லிவர்பூல் இரண்டாம் பிரிவில் கிடந்தது. அவருடைய முதல் மெச்சில் கார்டிஃபிடம் நான்கு கோல் வாங்கினார்கள், திருப்பி ஒன்றும் போடவில்லை. மேலே ஏறியது 1962இல், லீக் வென்றது 1964இல். அவருக்குப் பின்னால் வந்த பொப் பெய்ஸ்லி முதல் சீசனில் ஒரு கிண்ணமும் எடுக்கவில்லை. விரட்டவில்லை. மூன்று தடவை ஐரோப்பியக் கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

இந்த மனுசர்களை எனக்குப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஷாங்க்லி பிறந்த ஊர் கிளென்பக், ஸ்கொட்லாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம். பெயரைக் கேட்டால் நம் பக்கத்துத் தோட்டம் மாதிரி இல்லையா? டன்கெல்ட், பெல்மோரல், ஹோலிரூட் எல்லாம் அங்கிருந்து வந்த துரைமார் வைத்த பெயர்கள்தானே. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர். துரைமாரை இங்கே அனுப்பிய அதே நாட்டில், சுரங்கத்தில் வேலை செய்தவர்கள்தான் யுனைட்டெட்டின் பழைய மனேஜர் பஸ்பியும் ஷாங்க்லியும் ஜொக் ஸ்டீனும். பஸ்பி பிறந்தது இரண்டு அறை சுரங்கத் தொழிலாளி வீட்டில். லயம் என்று அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். 1967இல் ஸ்டீனின் செல்டிக் அணி ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியபோது, ஆடிய பதினொரு பேரும் தங்கள் மைதானத்திலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். ஹட்டனிலிருந்து முப்பது மைல் வட்டம் போட்டுப் பாருங்கள். நம்மிடம் பொடியன்கள் இல்லையா?

இனி, நீங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தோட்டத்து வரவுப் பதிவான செக்ரோல் எழுதுகிறவன். யாருக்குப் பேர் விழுந்தது, அதாவது அன்றைய சம்பளம் பதிவானது, யாருக்கு அரைப்பேர், யாருக்கு இல்லை என்பது என் கை வழியாகத்தான் போகிறது. போன சீசனில் பதினொரு சனிக்கிழமை நம் கோச்சுக்குப் பேர் இல்லை. பொடியன்களைக் கூட்டிக்கொண்டு மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை என்று பஸ் ஏறிய நாட்கள் அவை. 1,350 ரூபாய் நாட்சம்பளம் இருந்த நேரம். பதினொரு நாளுக்கு 14,850 ரூபாய். கழகம் அவருக்குக் கொடுத்தது ஒரு விசிலும் ஒரு தொப்பியும்.

அந்தச் சனிக்கிழமைகளில், காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அவர் பெயர் வரும்போது நான் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வர மாட்டார் என்று தெரியும், கீழே ரோட்டில் பஸ்ஸுக்குப் பதினைந்து பொடியன்களோடு நிற்பது இங்கிருந்தே தெரியும். இருந்தும் கோடு போடத்தான் வேண்டும். போட்டேன். அவர் ஒரு நாளும் வந்து, "கணக்கப்பிள்ளை ஐயா, எப்படியாவது ஒரு பேர் போட்டுவிடுங்க" என்று கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை அவர் மனைவி சம்பளத் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். கணக்கு சரியா என்று மட்டும் கேட்டார். சரி என்றேன். "அப்ப சரிங்க" என்று போய்விட்டார். அந்த மாதம் மூன்று சனிக்கிழமை. இப்படிப்பட்ட ஆளைத்தான் நாம் இரண்டு கும்பிடு போட்டு அனுப்பியிருக்கிறோம். அவருடைய தகுதிக் குறைவு என்ன? மாஸ்டர் இல்லை என்பது.

கோபம் வருகிறது, மன்னிக்க வேண்டும். கோச்சுக்கு பஸ் காசு கேட்டால் கழகத்தில் பணம் இல்லை. ஆனால் தேர்தல் வந்தால் ஜேர்சி வரும். முதுகில் இருக்கும் நம்பரை விட நெஞ்சில் இருக்கும் ஐயாவின் முகம் பெரிசாக இருக்கும். இரண்டு தடவை துவைத்தால் முகம் போய்விடும், ஐயாவும் போய்விடுவார். மைதானம் திருத்தித் தருகிறேன் என்று மூன்று பேர் மூன்று தடவை தேங்காய் உடைத்தார்கள். இன்னமும் ஒரு பக்கத்துக் கோல் மேட்டிலும் மறுபக்கத்துக் கோல் பள்ளத்திலும்தான் இருக்கிறது, வலப்பக்கம் பந்து போனால் ஆற்றில்தான் தேட வேண்டும், கூடவே அட்டைக்கடி. சுற்றுப்போட்டி நடத்தினால் பரிசளிப்பு மேடையில் பதினெட்டுக் கதிரை, பந்து இரண்டு. இதற்கெல்லாம் யாரை நிப்பாட்டுவது? வாட்ஸ்அப் குழுவிலிருந்து யாரை நீக்குவது?

சரி. விசயத்துக்கு வருகிறேன்.

பஸ்பி 1969இல் ஓய்வு பெற்றதும் யுனைட்டெட்டில் என்ன நடந்தது என்று தலைவர் அண்ணனுக்குத் தெரியும். பின்னால் வந்த ஒவ்வொருவரையும் பஸ்பியின் பக்கத்தில் நிறுத்தி அளந்தார்கள். வில்ஃப் மெக்கின்னஸ் போனார், ஃபிராங்க் ஓஃபரல் போனார், 1974இல் கழகமே இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இறங்கியபோது மனேஜராக இருந்த டொக்கர்ட்டியை மட்டும் ஏனோ வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடமே திரும்ப ஏறிவிட்டார்கள்.

பெர்குசன் 2013இல் விடைபெற்ற அன்று ஓல்ட் ட்ரஃபர்ட் நடுவில் மைக்கைப் பிடித்துச் சொன்னது உங்களுக்கு மனப்பாடம். கஷ்டகாலம் வந்தபோது கழகம் என் பக்கம் நின்றது, இனி புது மனேஜர் பக்கம் நிற்பது உங்கள் வேலை என்றார். நம் மாஸ்டருக்கு மைக் கிடைக்கவில்லை. கடைசிக் காலத்தில் அவர் பின்னேரங்களில் வேலியோரம் வந்து நிற்பார், கம்பளியைப் போர்த்திக்கொண்டு. ஷாங்க்லியும் விலகிய பிறகு பயிற்சி மைதானத்துக்கு வந்து போனபோது கழகத்துக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது. நாம் அந்த அளவுக்குக்கூட மாஸ்டரைக் கண்டுகொள்ளவில்லை, ஒரு கதிரை எடுத்துப் போட ஆள் இல்லை. அன்றைக்கு அவரிடம் போய்ப் பேசிக்கொண்டு நின்ற ஒரே பொடியன், இப்போது நீங்கள் நிப்பாட்டிய இந்தக் கோச்தான். நான் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள், மூன்று வருடம் என்று எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், பின்னேரம் ஆறரைக்குப் பிறகு போனால் இருப்பார். மெச்சுக்குப் போகும் சனிக்கிழமைகளில் அவருக்கு விழாமல் போகும் பேருக்குச் சந்தாப் பணத்திலிருந்து ஈடு கொடுங்கள். இதற்காகச் சந்தாவைக் கூட்டினால் முதலில் கொடுப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இந்த மடலை வாசிக்க ஐந்து நிமிடம் ஒதுக்கினால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
மேட்டுக் கோலுக்குப் பின்னால் நிற்கும் உங்கள் பழைய இடது பெக்

பின்குறிப்பு: பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் என் வீட்டில் இருக்கிறது. புதிய கோச் வந்து கேட்டால் கொடுக்கச் சொல்லி செவ்வாய்க்கிழமை செய்தி அனுப்பியிருந்தீர்கள். புதன்கிழமை பின்னேரம் பழைய கோச் வந்து கேட்டார், கொடுத்துவிட்டேன்.