பலாலி – சென்னை: வரைபடத் தூரமும் பயண நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமும் சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில், 80 பாகை கிழக்கை ஒட்டி அமைந்திருப்பதால், இரண்டுக்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 355 கிலோமீற்றர்தான். இத்தடத்தில் பறக்கும் ஏ.ரி.ஆர். 72 விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் செல்லக்கூடியது என்பதை வைத்து, முக்கால் மணித்தியாலத்துக்குள் சென்னையில் இறங்கிவிடலாம் என்று நம்மவர் பலர் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் கால அட்டவணையில் இருப்பதோ ஒன்றேகால் முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை.

அட்டவணை நேரம், விமானம் தரிப்பிடத்திலிருந்து நகரத் தொடங்கும் கணத்திலிருந்து மறுமுனைத் தரிப்பிடத்தில் நிற்கும் கணம் வரை எண்ணப்படுவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மெதுவாக மேலேறுவதும், நெரிசலான சென்னை வான்பரப்பில் இறங்கும் முறைக்காகச் சுற்றிக் காத்திருப்பதும் அதற்குள் அடங்கும். முழு வேகத்தில் பறப்பது இடைப்பட்ட சிறு பொழுதில் மட்டுமே. தூரம் குறையக் குறைய, இந்த முன்பின் வேலைகளின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

இது வெறும் கணக்கு விவகாரமல்ல. வேலூருக்குச் சிகிச்சைக்குப் போகும் நோயாளரை அழைத்துச் செல்பவர்கள், விமானம் இறங்கும் நேரத்தோடு ஒட்டியே ரயிலுக்கு ஆசனம் பதிந்துவிட்டு, குடிவரவு வரிசையிலும் பொதிக்காகவும் நிற்கையில் அதைத் தவறவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரை வைத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்கு அலைவது எத்தகைய துன்பம் என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள். புறப்படுமுன் இரண்டு மூன்று மணித்தியாலம் பலாலியில் இருக்க வேண்டியதையும் சேர்த்தால், வீட்டுப் படலையிலிருந்து சென்னை நகருக்குள் நுழைய அரை நாள் ஆகிவிடும்.

அப்படியிருந்தும் இந்தத் தடம் நமக்குப் பெரும் பேறு. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்படுவதற்கு முன்னரும், 2020 மார்ச்சில் சேவை நின்று 2022 டிசம்பரில் மீளும் வரையிலும், இரவு பஸ்ஸில் கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய், அங்கிருந்து 645 கிலோமீற்றர் பறந்து சென்னைக்குச் சென்றோம். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டால் அது யாழ்ப்பாணத்தை ஒட்டியே செல்கிறது! 355 கிலோமீற்றர் இடைவெளிக்காக ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர் அலைந்த தலைமுறை நாங்கள்.

ஆகவே விமானச் சேவைச் செய்திகளை வெளியிடும்போது, தூரத்தோடு அட்டவணை நேரத்தையும், பயணிகளைப் பதியும் கருமபீடம் மூடப்படும் நேரத்தையும், சென்னையில் இறங்கியபின் வெளியே வர ஒதுக்க வேண்டிய நேரத்தையும் சேர்த்துப் பிரசுரிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போன்ற இடங்களுக்கு மாறிச் செல்வோருக்காக, அட்டவணையில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள் என்பதையும், சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டால் மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சுன்னாகம்.