ஸ்கூட் போடுபவர் பயந்தாங்கொள்ளி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த சீட்டாட்டக் கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். கல்யாண மண்டபத்து ரம்மி, ரயிலில் துண்டு விரித்து ஆடும் ரம்மி என்று உங்கள் கட்டுரையாளர் ஆசையாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் நடுவில், கையில் எது வந்தாலும் இறங்கி ஆடுபவன்தான் ஆட்டக்காரன், எடுத்த எடுப்பில் ஸ்கூட் போடுபவன், அதாவது அந்த ஆட்டத்தை ஆடாமல் கையை வைத்துவிடுபவன், பயந்தாங்கொள்ளி என்று எழுதிவிட்டார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

உங்களுக்கு ரம்மி நன்றாகத் தெரியும். 101 புள்ளி சேர்ந்தவர் வெளியேறும் 101 ஆட்டத்தில் சீட்டு எடுக்காமலே கையை வைத்துவிட்டால் 20. ஒரு சீட்டு எடுத்த பிறகு வைத்தால் மிடில் ஸ்கூட், 40. ரம்மி, அதாவது ஒரே இனத்தில் வரிசையாக மூன்று சீட்டாவது, சேராமல் மாட்டிக்கொண்டால் ஃபுல், 80. ஐந்து முறை ஸ்கூட் போட்டவர் 100-இல் இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறார். ஒரே ஒரு ஃபுல் வாங்கியவருக்கோ இன்னொரு ஸ்கூட் போடத்தான் இடம். அதற்கப்புறம் எவ்வளவு மோசமான கை வந்தாலும் ஆடியே தீர வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கையை வைப்பவரைக் கோழை என்பது என்ன நியாயம்?

13 சீட்டையும் அடுக்கியதும், எந்தச் சீட்டுக்கும் பதிலாக வைக்கக்கூடிய ஜோக்கரை நான் தேடுவதில்லை. ஜோக்கர் இல்லாத ரம்மி சேர்ந்திருக்கிறதா, இல்லாவிட்டால் சேர வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இஸ்பேட் 6, 7 கையில் இருந்தால் 5 வந்தாலும் சரி, 8 வந்தாலும் சரி. இரண்டு கட்டு போட்டு ஆடுவதால் எனக்கு உதவக்கூடிய சீட்டு நாலு. அதுவே 6, 8 என்றால் நடுவில் வரவேண்டிய 7 இரண்டே இரண்டுதான். அந்த ஆட்டத்துக்கு 7-ஏ ஜோக்கராக வெட்டப்பட்டிருந்தால் அதை யாரும் கீழே போடப்போவதில்லை. ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறோமா, இரண்டு பேரா என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு பேரில் எவருக்காவது நல்ல கை வந்திருக்கும், நமக்குக் கிடைக்கும் சுற்றுகள் குறைவு. எனக்கு முன்னால் நாலு பேர் வைத்துவிட்டால், மிச்சமிருக்கும் ஒருவரோடு சுமாரான கையையும் ஆடிப் பார்க்கலாம். இத்தனையும் முதல் சீட்டை எடுப்பதற்குள் யோசித்து முடிக்க வேண்டும். பயந்தவர் செய்கிற வேலையா இது?

எங்கள் சித்தப்பா என்னை ‘ஸ்கூட் ராணி’ என்றுதான் கூப்பிடுவார். பொம்பளை சீட்டாட வந்தால் இப்படித்தான் என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். ஒரு கல்யாணத்தில் விடிய விடிய நடந்த ஆட்டத்தில் அவருக்கு மூன்று ஜோக்கர் வந்தது, ஒட்டுகிற சீட்டு ஒன்றுகூட இல்லை. மூன்று ஜோக்கரை வைத்துக்கொண்டு எவனாவது ஸ்கூட் போடுவானா என்று இறங்கினார். அடுத்த சுற்றுகளில் ராஜாவும் ராணியும் கையில் சேர்ந்தார்களே தவிர ரம்மி சேரவில்லை. ஃபுல் வாங்கினார். கடைசி இருவரில் ஒருவராக நான் ஆடிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கட்டுரை நெடுக ‘ஆட்டக்காரன்’ என்றே இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மாவும் அத்தைகளும்தான் எனக்கு ரம்மி சொல்லிக்கொடுத்தார்கள். எங்களுக்கு உங்கள் பத்திரிகையில் ஒரு ‘ர்’ போட மனம் வரவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் ஒரு விடுமுறையில் ஏழு சீட்டு ஸ்டட் போக்கர் சொல்லிக்கொடுத்தான். முதலில் ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டும் ஒரு திறந்த சீட்டும் வரும். ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் நல்ல கை. நம்மிடம் மூன்றும் ஆட்டினாக இருந்தாலும், எதிரே நாலு பேர் முன்னால் ஆட்டின் திறந்து கிடந்தால் பெரும்பாலும் கையை மடித்துவிட வேண்டும் என்றான். நமக்கு வரவேண்டியது அங்கே போய்விட்டதே. அங்கே அப்படி மடிப்பவரை விவரமானவர் என்கிறார்கள். ரம்மியில் அடுத்தவர் கையும் நமக்குத் தெரியாது. எங்களை ஏன் ஏளனம் செய்ய வேண்டும்?

கட்டுரையாளர் அதிர்ஷ்டத்தை மட்டுமே நம்பி ஆடும் மூணு சீட்டையும் ரம்மியையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பியிருக்கிறார். செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-லேயே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டது. ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்பதற்குத் திறமை வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. கழிப்பதற்கே திறமை வேண்டும் என்றால், மொத்தக் கையையும் வைத்துவிடும் முடிவுக்கு எவ்வளவு வேண்டும்!

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசு தடைசெய்யும் வரை உங்கள் பின்னட்டையில் ஆன்லைன் ரம்மி விளம்பரம் வந்துகொண்டிருந்தது. அந்த ஆட்டத்தால் இந்த மாநிலத்தில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று உங்கள் நிருபர்களே எழுதினார்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று நிறுத்தாமல் போனவர்கள் அவர்கள். போதும் என்று கையை வைக்கத் தெரிந்தவரைக் கோழை என்று இப்போது அதே பத்திரிகையில் எழுதினால், படிக்கிற பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? செஸ் புதிரை எடுத்துவிட்டு ராசிபலனை இரண்டு பக்கமாக்கியபோதும் எழுதினேன், பதில் வரவில்லை. அப்போது பொறுத்துக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கட்டுரைக்கு மேலே உள்ள படத்தில் ராஜா, ஏஸ், 2 மூன்றையும் சேர்ந்த ரம்மியாக வரைந்திருக்கிறார்கள். ராணி, ராஜா, ஏஸ் சேரும். ஏஸ், 2, 3 சேரும். ராஜா, ஏஸ், 2 சேராது. புதிதாகக் கற்பவர்கள் அதைப் பார்த்து, எல்லாம் சேர்ந்துவிட்டது என்று டிக் அடித்தால் ஃபுல் வாங்குவார்கள். அடுத்த இதழில் படத்தை மட்டுமாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, கும்பகோணம்