தம்பிக்கு, கயலாமி பக்கத்திலிருந்து

மிட்ராண்ட், தென்னாப்பிரிக்கா
ஆடி கடைசி ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். அப்பாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது, அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று நீ தனியாக எழுது. போனில் கேட்டால் இரண்டு பேரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. காலையில் ஷெட்டைத் திறந்து ஸ்பேனரைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது. ஓனர் அங்கிள் டர்பன் தமிழர். 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம். தமிழ் நாலு வார்த்தைதான் வரும், ஆனால் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை விட்டதில்லை. ஆன்ட்டி எனக்கும் ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்பினார். அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். காலேஜ் முடிந்ததும் இங்கிலாந்தில் மோட்டார்ஸ்போர்ட் எம்.எஸ்சி. சேர வேண்டும், அப்பா தோட்டத்தை அடமானம் வைக்க ஒத்துக்கொண்டார் என்று எழுதியிருந்தாய். படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வருஷமாவது உன் கையில் கிரீஸ் படட்டும்.

வார நாளில் நான் பார்ப்பது சாதாரண சர்வீஸ் வேலைதான்: பிரேக், கிளட்ச், டைமிங் பெல்ட். சனிக்கிழமை ஆனால் அங்கிளின் ஃபார்முலா வீ கார். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் பாகங்களை வைத்துக் கட்டும் ஒற்றை சீட் ரேஸ் கார் அது. அதில் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல.

டர்பன் கடலோர ஊர். அங்கே டியூன் செய்த கார்புரேட்டர் இன்ஜினை இங்கே கொண்டுவந்தால் திணறும். கயலாமி டிராக் கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று மெல்லியது, அதே பெட்ரோலுக்கு ஆக்சிஜன் பத்தாது. பவர் ஏறக்குறைய 15 சதவீதம் போய்விடும். அதனால் சின்ன மெயின் ஜெட் போடுவோம், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையைச் சின்னதாக்குவோம். டர்போ இருந்தால் மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளும். 1980-ல் இங்கே நடந்த ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரி ரேஸில் ரெனோவின் டர்போ கார் ஜெயித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் உன் புத்தகத்திலும் இருக்கும். ஜெட் சரியா என்று பார்ப்பது எப்படி என்பதை மட்டும் கவனி. டிரைவர் முழு வேகத்தில் இருக்கும்போதே இன்ஜினை ஆஃப் பண்ணி, கிளட்சை மிதித்து, உருண்டபடியே பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் நாங்கள் காரைப் பார்க்கும் இடத்துக்கு, வர வேண்டும். ஐடிலில் ஓட்டிக்கொண்டு வந்தால் ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து, பார்த்ததே வீணாகும். சூட்டோடு பிளக்கைக் கழற்றுவோம். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் குறைவு. இன்னும் ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். நம் வீட்டு டிகிரி காபி நிறம் வந்தால் சரி. அங்கிள் பிளக்கை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுப்பார். நான்தான் சொல்ல வேண்டும்.

போல்ட் கழலாமல் பிடிக்கும் லாக் வயர் கட்டுவதும் அப்படித்தான். போல்ட் இறுகும் பக்கம் இழுக்கிற மாதிரி வயரை முறுக்கிக் கட்ட வேண்டும். எதிர்ப் பக்கம் கட்டினால் கட்டியும் பயனில்லை. இறுக்கிய நட் ஒவ்வொன்றிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுவோம். ஓடி வந்ததும் கோடு விலகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை. உள்ளே உட்காருகிறவன் உயிரை நம்பித்தானே நம்மிடம் தருகிறான்.

ரேஸ் கார் டிசைனர் கார்டன் மர்ரே டர்பனில் பிறந்தவர் என்று உனக்குத் தெரியுமா? அங்கேயே டெக்னிக்கல் காலேஜில் படித்து, தானே டிசைன் பண்ணிக் கட்டிய காரை இங்கே ரேஸில் ஓட்டிவிட்டுத்தான் 1969-ல் இங்கிலாந்து போனார். பிரபாம், மெக்லாரன் ஃபார்முலா ஒன் டீம்களில் வேலை பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகு.

நீ கோயம்புத்தூரில் இருக்கிறாய்! செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக். ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் நம் ஊர்க்காரர். காலேஜ் பசங்கள் தாங்களே கட்டிய காரோடு வரும் ஃபார்முலா பாரத் போட்டியும் அந்த டிராக்கில்தான் நடக்கிறது. உன் காலேஜ் டீமில் சேர்ந்தால் கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் உட்காராதே, சஸ்பென்ஷன் வேலையைக் கேட்டு வாங்கு. ரேஸ் கார் வைத்திருக்கும் ஷெட்டாகப் பார்த்து சனி ஞாயிறு வரட்டுமா என்று கேள். முதலில் கூட்டித் துடைக்கத்தான் சொல்வார்கள். செய். பிரேக் பிளீட் பண்ணவும் (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது), வெல்டிங் வைக்கவும் பழகு. அப்பாவின் லேத் பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஒரு புஷ்ஷாவது நீயே கடைந்து எடுத்திருக்கிறாயா? அளவு தப்பினால் அப்பா திட்டுவார், அது நல்லது.

என்னென்ன வேலை செய்தாய் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை, போட்டோவும் எடு. பிறகு யாரிடம் வேலை கேட்டுப் போனாலும் அந்த நோட்டைக் காட்டலாம். அதுவரை அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல். கோபப்பட்டால் எனக்கு போன் பண்ணச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். ஷெட் கிடைத்ததும் யார், எந்தக் கார் என்று உடனே எழுது.

அன்புடன்,
அண்ணன்