2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவி அவர்களே, நிருவாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டம், சந்தா, சிரமதானம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கண்ணகை அம்மன் சடங்கு நாட்களில் எல்லாரும் கோயிலடியில் நின்றதால் சங்கத்தில் ஒரு வேலையும் நடக்கவில்லை. அதைப் பற்றி யாருக்கும் குறையும் இல்லை. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் துண்டுத்துணிப் பை வேலையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் தையற்கடைக்காரர்கள் வெட்டிக் கழித்த துணியை இப்போது எரிக்காமல் உரப்பையில் கட்டி எங்களுக்கு எடுத்துவைக்கிறார்கள். பாடசாலை தொடங்கும் காலத்தில் வருவது பெரும்பாலும் அரசாங்கச் சீருடைத்துணியின் வெள்ளையும் நீலமும். நல்ல துணி, கழுவக் கழுவத் தாங்கும். நோன்புப் பெருநாள், தீபாவளிக்கு முன் வருவது சற்றின், நெற் துணிகள். பார்க்கப் பளபளக்கும், ஆனால் சற்றின் கத்தரி பட்டதும் நூல் பிரிந்து கொட்டும். தலையணைக்குள் அடைக்கத்தான் சரி. மருதமுனைக் கைத்தறித் துண்டுகள் எப்போதாவதுதான் கிடைக்கின்றன. கரையோடு வருவதால் அந்தப் பக்கம் ஓரம் மடித்துத் தைக்கவே தேவையில்லை.

பைக்குள் என்ன போகும் என்று முதலில் கேட்போம், துணியைப் பிறகு தேடுவோம் என்பதுதான் இவ்வருடம் நாங்கள் பிடித்துக்கொண்ட ஒழுங்கு. இதில் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. ஒட்டுத்துணியில் பூவும் மயிலும் வைத்துத் தைத்தால் விலை கூடும் என்றார்கள் சிலர். கூடலாம். ஆனால் அதை வாங்குகிறவர் ஆணியில் மாட்டிவைத்துவிட்டுச் சந்தைக்குப் பொலித்தீன் சொப்பிங் பேக்கோடுதான் போவார் என்பது என் எண்ணம்.

கிளினிக் பை அப்படித்தான் வந்தது. பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் கிளினிக் கொப்பி ஒரு கையிலும் மருந்து உறைகள் மறு கையிலுமாக வரிசையில் நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். முன்பக்கம் கொப்பியின் அளவுக்கே ஒரு பொக்கற், உள்ளே காலை, பகல், இரவு மருந்துக்கு மூன்று நிறத்தில் மூன்று சின்னப் பொக்கற். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து எடுக்கலாம். எங்கள் அங்கத்தவர் ஒருவரின் மாமியார் முதல் பையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சிப் வேணாம் பிள்ளை, விரல் நோகுது” என்றார். அன்றோடு சிப் போய், பெரிய பொத்தானும் துணி வளையமும் வந்தன. சிப்புக்குக் கொடுக்கும் காசும் மிச்சம்.

அதிகம் மினக்கெட்டது தயிர்ப்பையில். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் தயிர்ச்சட்டி இல்லாமல் போவது அருமை. பஸ்ஸில் அது சரியும், மண்சட்டி கசிந்து மடியும் நனையும். சாதாரணப் பையில் வைத்தால் பாரம் முழுவதும் அடித்தையலில் விழுந்து பிரிந்துவிடும். அதனால் கைபிடி வாயோரத்தில் நிற்காது; பழைய ஜீன்ஸ் துணியில் வட்டமாக இரட்டையாக வெட்டிய அடிப்பாகத்தின் கீழே இரண்டு பட்டிகளும் குறுக்காகப் போய் மறுபக்கம் ஏறும். பாரத்தைப் பட்டி தாங்கும், தையல் அல்ல. பட்டிக்கு 10 சென்ரிமீற்றர் அகலத் துண்டை நான்காக மடித்தால் 2.5 சென்ரிமீற்றரில் நிற்கும். அதைப் பாவு, அதாவது துணியின் நீளவாட்டு நூல், போகும் திசையில்தான் வெட்டவேண்டும். மூலைவாட்டில் வெட்டினால் இழுபட்டு, சட்டி முழங்காலில் இடிக்கும். வாயோரத்தில் பட்டி சேருமிடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைக்கிறோம். உள்ளுக்குக் கிழிந்த குடைத்துணி. ஊசித் துளையால் தண்ணீர் இறங்கும் என்பதால் அடியில் தையலே வராமல் ஒரே துண்டாக மடித்து, மடிப்பு வாயோரத்தில் முடியும்படி வைக்கிறோம். மீன்பைக்கும் இதே உள்துணிதான். உள்ளே வெளியே புரட்டிக் கழுவலாம்.

2017 செப்டெம்பரில் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனைத் தடைசெய்தபோது எங்களிடம் ஒருவரும் பை கேட்டு வரவில்லை. 2025 நவம்பர் 1 முதல் கடைகள் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, விலையைப் பில்லில் காட்டவேண்டும் என்றானதும் கேட்டு வருகிறார்கள். சுற்றாடலைவிடச் சில்லறைக்காசு சனத்துக்கு வேகமாக விளங்குகிறது.

குறைகளும் உண்டு. மாரியில் துணி மூட்டைகள் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வந்தது. ஒரு பகுதியைக் கழுவிக் காயவைத்தோம், மற்றதைக் கழித்தோம். இனித் துணி வந்த அன்றே கழுவிக் காயவைத்து, மூட்டையை மேசைமேல் வைக்கவேண்டும். கழுவாத பருத்தியில் தைத்தால் பை முதல் சலவையில் சுருங்கும் என்பதாலும் இது தேவை. ஜீன்ஸுக்குத் தடித்த 100 இலக்க ஊசி போடச் சொல்லியும் சிலர் சாதாரண ஊசியிலேயே தைத்து முறித்துக்கொள்கிறார்கள். ஊசிக்கணக்கைப் பார்த்தால் பொருளாளர் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு விடயங்களைச் சபை தீர்மானிக்கவேண்டும். காலால் மிதிக்கும் தையல் மெசின் ஒன்றுக்குப் பட்டியும் சேர்விசும் வேண்டும். தயிர்ப்பையைத் தயிர்க்கடைகளில் வைத்து விற்பதென்றால் கடைக்காரருக்கு எவ்வளவு விடுவது என்று இன்றைக்கே பேசி முடிப்பது நல்லது.

அப்புறம், வீட்டில் உடைந்த குடை கிடந்தால் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். கம்பியைக் கழற்றிவிட்டுத் தந்தால் பெரிய உதவி.

இவ்வண்ணம்,
செயலாளர்